பூட்டிய பாட்டு – 9: சாவி யார் கையில்?

காசு கொடுத்து சிடி வாங்கியவர்களின் கணினிக்குள் சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் நகலெடுப்பைத் தடுக்கச் சத்தமில்லாமல் ஒரு மென்பொருளை இறக்கியதையும், 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர் அதைத் தோண்டியெடுத்து ஊருக்குச் சொன்னதையும் சென்ற வாரம் பார்த்தோம். வழக்குகள் பாய்ந்தன. கடைகளிலிருந்து தட்டுகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. சிடிக்குப் பூட்டுப் போடும் ஆசை அத்தோடு அடங்கியது.

ஆனால் இணையத்தில் விற்கப்பட்ட பாட்டுகளின் மேல் தொங்கிய பூட்டு அப்படியேதான் இருந்தது. டிஆர்எம் என்று தொழில்நுட்பக்காரர்கள் சொல்லும் அந்தப் பூட்டை யாரும் ஒளித்து வைக்கவில்லை. வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

அந்தப் பூட்டை அவிழ்த்துவிடலாம் என்று முதலில் உரக்கச் சொன்ன பெரிய மனிதர் யார் என்பதுதான் வேடிக்கை. உலகத்திலேயே அதிகமாகப் பூட்டுப் போட்டுப் பாட்டு விற்றவர் அவர்.

பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை

2007ஆம் ஆண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு கடிதம் வெளியானது. தலைப்பு எளிமையானது: இசை பற்றிய சில எண்ணங்கள். கீழே ஸ்டீவ் ஜாப்ஸின் பெயர்.

ஜாப்ஸ் இப்படிக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேடை ஏறுவார். கறுப்புச் சட்டை, நீல ஜீன்ஸ், பின்னால் ஒரு பெரிய திரை. அதுதான் அவர் பாணி. அப்படிப்பட்டவர் உட்கார்ந்து, வாதங்களை வரிசைப்படுத்தி, எண்களை அடுக்கி ஒரு கட்டுரையே எழுதியிருந்தார்.

சாரம் இதுதான்: பாட்டுக்குப் பூட்டு தேவையில்லை. நான்கு பெரிய இசை நிறுவனங்களும் சம்மதித்தால், ஆப்பிள் நாளைக்கே பூட்டில்லாத பாட்டை மட்டும் விற்கத் தயார்.

இசை நிறுவனங்களின் அலுவலகங்களில் அன்று பலர் இதை இரண்டு முறை படித்திருப்பார்கள். நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே மனிதர் வந்து, எங்கள் பூட்டு பத்திரமானது, நம்பிப் பாட்டைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். நம்பித்தான் கொடுத்திருந்தார்கள்.

இடையில் என்ன நடந்தது?

கேட்டு வாங்கிய பூட்டு

2003 ஏப்ரல் 28. ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. முதல் நாள் சரக்கு 2 லட்சம் பாடல்கள். ஒரு பாட்டு 99 சென்ட். புதிது, பழையது, பிரபலமானது, யாரும் சீண்டாதது என்ற பேதமே கிடையாது. எல்லாம் ஒரே விலை. முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டுகள் விற்றன.

அன்றைக்குப் பெரிய இசை நிறுவனங்கள் ஐந்து. பின்னால் சோனியும் பிஎம்ஜியும் இணைந்ததால் நான்கானது. இணையத்தில் பாட்டைப் பரிமாற வழிசெய்த நாப்ஸ்டர் கொடுத்த அடியிலிருந்து அவை எழுந்திருக்கவே இல்லை. இலவசமாகப் பாட்டைப் பரிமாறிக்கொள்ளும் பழக்கம் காட்டுத் தீயாகப் பரவியிருந்தது. சட்டப்படி பாட்டு விற்க அவர்களே தொடங்கிய பிரஸ்ப்ளே, மியூசிக்நெட் என்ற இரண்டு கடைகளையும் மக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நிலையில்தான் ஜாப்ஸ் வந்தார். கடை ஆப்பிளின் மேக் கணினியில் மட்டும்தான் முதலில் திறக்கப்போகிறது. மேக் வைத்திருப்பவர்களோ கணினி உலகில் ஒரு சிறுபான்மை. விபரீதம் நடந்தாலும் சேதம் சின்னது என்று இசை நிறுவனங்கள் கணக்குப் போட்டன. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் கறாராக வைத்தன. விற்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் பூட்டு வேண்டும்.

ஆப்பிள் ஒரு பூட்டு செய்தது. பெயர் ஃபேர்பிளே.

விற்கப்படும் பாட்டு சங்கேத வடிவில் சுருட்டப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கும் சாவி, வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். முதலில் மூன்று கணினிகளில், பிறகு ஐந்தில் அந்தப் பாட்டைக் கேட்கலாம். எத்தனை ஐபாடில் வேண்டுமானாலும் ஏற்றலாம். சிடியில் எழுதிக்கொள்ளவும் வழி இருந்தது. அந்தக் காலத்துப் பூட்டுகளில் இது கொஞ்சம் இரக்கமானது என்றே சொல்ல வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஃபேர்பிளே பூட்டைத் திறக்கத் தெரிந்த கையடக்கக் கருவி நடைமுறையில் ஐபாட் ஒன்றுதான். மற்றவர்களின் கருவிகளுக்கு அந்தச் சாவியைக் கொடுக்க ஆப்பிள் மறுத்துவிட்டது. ஒரு கடையில் வாங்கிய அரிசி அதே கடைக்காரர் விற்கும் குக்கரில் மட்டும்தான் வேகும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

ஒருவர் 5 பாட்டு வாங்கியிருக்கும்வரை இது பெரிய விஷயமில்லை. 300 பாட்டு வாங்கிய பிறகு வேறு நிறுவனத்தின் கருவிக்கு மாற நினைத்தால், அந்த 300 பாட்டும் கூட வராது. அத்தனையையும் சிடியில் எழுதி, அதிலிருந்து மறுபடி கணினிக்கு இழுக்க வேண்டும். ஒலித்தரமும் குறையும், பொழுதும் போகும். அதற்குப் பதில் இன்னொரு ஐபாடே வாங்கிவிடலாம். வாங்கினார்கள்.

ரியல்நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் 2004 ஜூலையில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. தன் கடையில் விற்கும் பாட்டு ஐபாடிலும் ஓடும்படி ஃபேர்பிளேயைப் போலவே ஒரு பூட்டைத் தயாரித்து, அதற்கு ஹார்மனி என்று பெயரும் வைத்தது. ஐபாடுக்குள் புகுந்துவர ஹேக்கர்களின் வழியைக் கையாள்கிறார்கள் என்று ஆப்பிள் கொதித்தது. சில மாதங்களில் ஐபாடின் மென்பொருள் மாறியது. ஹார்மனி பாட்டுகள் ஊமையாயின.

கவனியுங்கள். ரியல் விற்றது திருட்டுப் பாட்டு இல்லை. இசை நிறுவனங்களுக்குக் காசு கொடுத்து, உரிமம் வாங்கி விற்ற பாட்டு. வாங்கியவரும் காசு கொடுத்தே வாங்கினார். அவர் கையிலிருந்த ஐபாடும் காசு கொடுத்து வாங்கியதே. இந்தக் கதையில் திருடன் என்று ஒருவனே இல்லை. ஆனாலும் பூட்டு விழுந்தது.

இசை நிறுவனங்களுக்கு அப்போதுதான் லேசாக உறைக்கத் தொடங்கியது. பூட்டைக் கேட்டு வாங்கியது நாம். ஆனால் சாவி நம்மிடம் இல்லையே!

99 சென்ட் சண்டை

2005 வாக்கில் அமெரிக்காவில் இணையம் வழி விற்கும் பாட்டில் பெரும்பகுதி ஒரே கடையில் விற்றது. அந்தக் கடை ஐடியூன்ஸ்.

வார்னர் இசை நிறுவனத்தின் தலைவர் எட்கர் பிரான்ஃப்மேன் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிப்படையாகவே முணுமுணுத்தார். எல்லாப் பாட்டும் ஒரே விலை என்பது என்ன நியாயம்? சூடாக விற்கிற பாட்டுக்குக் கூடுதலாக வாங்கினால் என்ன?

அதே மாதம் பாரிஸில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஜாப்ஸ், விலையேற்றும் ஆசையைப் பேராசை என்றார். விலையை ஏற்றினால் மக்கள் மறுபடி திருட்டுக்குப் போய்விடுவார்கள் என்று எச்சரித்தார்.

2006 மே மாதம் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டன. நான்கு பெரிய நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டன. விலை? அதே 99 சென்ட்.

வேறென்ன செய்ய முடியும்? ஐடியூன்ஸிலிருந்து வெளியேறி இன்னொரு கடைக்குப் போகலாம்தான். ஆனால் இன்னொரு கடையில் பூட்டோடு விற்கும் பாட்டு ஐபாடில் ஓடாது. ஐபாடில் ஓடாத பாட்டை எவர் வாங்குவார்? பூட்டில்லாமல் விற்றால் எல்லாக் கருவியிலும் ஓடும், ஐபாடிலும் ஓடும். ஆனால் பூட்டில்லாமல் விற்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததே இசை நிறுவனங்கள்தானே?

தாங்கள் கேட்டு வாங்கிய பூட்டுக்குள் அவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வந்த நெருக்கடி

ஜாப்ஸ் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு இசை நிறுவனங்கள் காரணமில்லை. நெருக்கடி வந்தது ஐரோப்பாவிலிருந்து.

2006 மார்ச்சில் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஒரு கடையில் வாங்கிய பாட்டு எந்தக் கருவியிலும் ஓட வேண்டும். அதற்கான தொழில்நுட்ப விவரங்களைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். இது அரசாங்கமே நடத்தும் திருட்டு என்று ஆப்பிள் சீறியது. மேலவையைத் தாண்டி இறுதிச் சட்டமாக வந்தபோது மசோதாவின் பல் பெரும்பாலும் பிடுங்கப்பட்டிருந்தது.

நார்வே அத்தனை சுலபத்தில் விடவில்லை. அங்கே நுகர்வோர் குறைதீர் அதிகாரியாக இருந்தவர் பியோர்ன் எரிக் தோன். நுகர்வோர் மன்றம் கொடுத்த புகாரை ஒரு வருடம் ஆராய்ந்தார். 2007 ஜனவரியில் அவர் வந்து நின்ற முடிவு: ஐபாடில் மட்டுமே ஓடும்படி பாட்டு விற்பது நார்வே சட்டத்துக்கு விரோதம். ஆப்பிளுக்குக் கெடு அக்டோபர் 1.

பிரான்ஸ், ஜெர்மனி, பின்லாந்து நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் நார்வேயோடு கைகோத்தன.

நார்வே சின்ன நாடு. அந்தச் சந்தையை இழந்தால் ஆப்பிள் ஒன்றும் ஏழையாகிவிடாது. ஆனால் ஐரோப்பாவில் ஒரு நாடு போட்ட சட்ட வாதத்தை இன்னொரு நாடு எடுத்துக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

நார்வேயின் அறிவிப்புக்கும் ஜாப்ஸின் கடிதத்துக்கும் இடையே இரண்டு வாரம்தான்.

கடிதத்துக்குள்

ஜாப்ஸ் மூன்று வழிகளை முன்வைத்தார். ஒன்று, இப்போதிருப்பதுபோல் அவரவர் பூட்டோடு அவரவர் விற்பது. இரண்டு, ஃபேர்பிளே சாவியை மற்ற நிறுவனங்களுக்கும் கொடுப்பது. மூன்று, பூட்டையே ஒழிப்பது.

இரண்டாவது வழியைத்தான் ஐரோப்பா கேட்டது. அதை அவர் நாசூக்காக மூடினார். சாவியின் ரகசியம் பல நிறுவனங்களிடம் போனால் எங்காவது கசியும். கசிந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் பூட்டை மாற்ற வேண்டும். அது நடக்காத காரியம்.

அங்கே அவர் ஒரு ஒப்பந்த ரகசியத்தையும் போட்டு உடைத்தார். ஃபேர்பிளே உடைக்கப்பட்டு, அனுமதியில்லாத கருவிகளில் பாட்டு ஓடத் தொடங்கினால், சில வாரங்களுக்குள் ஆப்பிள் அதைச் சரிசெய்தாக வேண்டும். தவறினால் இசை நிறுவனங்கள் தங்கள் மொத்தப் பாட்டையும் ஐடியூன்ஸ் கடையிலிருந்து தூக்கிவிடலாம். அதாவது, பூட்டு எங்கள் ஆசை இல்லை, அவர்கள் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்கள் என்றார்.

பிறகு எண்களுக்கு வந்தார். கடிதத்தின் கூர்மையான பகுதி இது.

2006 முடிய விற்ற ஐபாட் 9 கோடி. ஐடியூன்ஸில் விற்ற பாட்டு 200 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு ஐபாடுக்கு 22 பாட்டு. அதிகம் விற்ற ஐபாடில் 1,000 பாட்டு ஏற்றலாம். ஆக, நிரம்பிய ஐபாடில் பூட்டிய பாட்டு 3 விழுக்காடுகூட இல்லை. மீதி 97 விழுக்காட்டில் பூட்டே கிடையாது.

அடுத்த எண் இன்னும் கொடூரமானது. 2006இல் உலகமெங்கும் இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாட்டு 200 கோடிக்கும் கீழே. அதே ஆண்டு அதே இசை நிறுவனங்கள் சிடி வடிவில் விற்ற பாட்டு 2,000 கோடிக்கும் மேலே. அந்தச் சிடிகளில் எந்தப் பூட்டும் இல்லை. கணினியில் போட்டால் சில நிமிடங்களில் எம்பி3 ஆகிவிடும். இணையத்தில் திருட்டுத்தனமாகச் சுற்றும் பாட்டெல்லாம் அங்கிருந்து கிளம்புவதுதான்.

பத்துப் பாட்டில் ஒன்பதைப் பூட்டில்லாமல் நீங்களே விற்கிறீர்கள். பத்தாவது பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு மட்டும் பூட்டு. இதனால் தடுக்கப்பட்ட திருட்டு எது?

இதற்கு இசை நிறுவனங்களிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஐரோப்பாவுக்கு ஒரு குத்து. நான்கு நிறுவனங்களில் இரண்டரை நிறுவனம் உங்கள் மண்ணில்தானே இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். யுனிவர்சலின் சொந்தக்காரர் பிரான்ஸின் விவெந்தி. ஈஎம்ஐ பிரிட்டிஷ் நிறுவனம். சோனி பிஎம்ஜியில் பாதி ஜெர்மனியின் பெர்டல்ஸ்மானுக்குச் சொந்தம். என்னை விரட்டுவதை விட்டுவிட்டு அவர்களிடம் போய்ப் பேசுங்கள் என்பதுதான் பொருள்.

கடிதத்துக்கு வெளியே

வாதம் சரிதான். வாதாடியவரின் கை முழுவதும் சுத்தமா என்பது வேறு கேள்வி.

தங்கள் பாட்டுக்குப் பூட்டே வேண்டாம் என்று நினைத்த சிறிய, சுயேச்சை இசை நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றின் பாட்டுகளை ஈமியூசிக் என்ற கடை 1990களின் கடைசியிலிருந்தே வெறும் எம்பி3யாக விற்று வந்தது. அதே பாட்டுகளை ஐடியூன்ஸ் ஃபேர்பிளே மாட்டித்தான் விற்றது. பெரிய நிறுவனங்கள் நிர்ப்பந்தித்தன என்பது அவர்கள் பாட்டுக்குப் பொருந்தும். இவர்கள் பாட்டை எவர் பூட்டச் சொன்னார்?

டிஸ்னி நிறுவனத்தில் அப்போது ஆகப்பெரிய தனிநபர் பங்குதாரர் ஜாப்ஸ்தான். அந்த டிஸ்னியின் படங்களும் ஐடியூன்ஸில் பூட்டோடுதான் விற்றன. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

மேலும், 9 கோடி ஐபாட் விற்ற பிறகு, ஐபாடே தெருவெங்கும் தெரிகிற அடையாளமாகிவிட்ட பிறகு, பூட்டைக் கழற்றினால் ஆப்பிளுக்கு என்ன நஷ்டம்? அவருடைய கணக்கின்படியே 97 விழுக்காடு பாட்டு பூட்டில்லாமல்தான் இருந்தது. மக்கள் ஐபாடை விரும்பியே வாங்கினார்கள். பூட்டு ஏற வேண்டிய காலத்தில் ஏணியாக இருந்தது. ஏறிய பிறகு நுகர்வோர் அதிகாரிகள் பிடித்து இழுக்கும் வாலாக இருந்தது.

கடிதம் வெளியாகி இரண்டு நாள் கழித்து வார்னரின் பிரான்ஃப்மேன் வாய் திறந்தார். சிடியில் பூட்டு இல்லை என்பதற்காக, மென்பொருளுக்கும் திரைப்படத்துக்கும் கிடைக்கும் பாதுகாப்பு இசைக்கு மட்டும் கூடாது என்பதில் தர்க்கமே இல்லை என்று தன் முதலீட்டாளர்களிடம் சொன்னார்.

பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். நான்கு பேரும் ஒன்றாக நின்றிருந்தால்.

பிஸ்கட் கம்பெனிக்காரர்

நால்வரில் மிகவும் நலிந்திருந்தது ஈஎம்ஐ. எச்எம்வி என்ற பெயரில் நம் வீடுகளில் சுழன்ற பழைய இசைத்தட்டுகளை வெளியிட்ட இந்திய கிராமபோன் கம்பெனி, பல பத்தாண்டுகள் இந்த ஈஎம்ஐயின் கிளையாகத்தான் இருந்தது. பீட்டில்ஸ் பாட்டெல்லாம் இவர்களுடைய கஜானா.

கஜானா பெரிதுதான். கல்லாவில்தான் காசில்லை. 2007 ஜனவரியில் எதிர்பார்த்த லாபம் வராது என்று பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. இசைப் பிரிவின் தலைவர் அலன் லெவி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிப்ரவரியில் மறுபடி அதே மாதிரி ஓர் அறிவிப்பு. அமெரிக்காவில் அந்த ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் சிடி விற்பனை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர் எரிக் நிக்கோலி. இசை உலகில் வளர்ந்தவர் இல்லை. யுனைடெட் பிஸ்கட்ஸ் என்ற பிஸ்கட் கம்பெனியை நடத்திவிட்டு வந்தவர். விற்பனைக்கு வைத்த பொருளைப் பிரித்துச் சாப்பிட முடியாதபடி கட்டிக் கொடுத்தால் வாங்குகிறவர் திரும்பி வரமாட்டார் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஈஎம்ஐ ஏற்கெனவே விரல் வைத்துப் பார்த்திருந்தது. 2006 டிசம்பரில் நோரா ஜோன்ஸின் ஒரு பாடலை யாகூ கடை வழியாகப் பூட்டில்லாத எம்பி3யாக விற்றார்கள். சிதார் மேதை ரவிசங்கரின் மகள்தான் நோரா. வானம் இடிந்து விழவில்லை.

2007 ஏப்ரல் 2. லண்டனில் ஈஎம்ஐ தலைமையகத்தில் பத்திரிகையாளர்கள் கூடினார்கள். ஜாப்ஸும் வருகிறார் என்ற செய்தி பரவியிருந்தது. பீட்டில்ஸ் பாட்டு கடைசியில் ஐடியூன்ஸுக்கு வருகிறது என்பதே பலரின் ஊகம். காரணமும் இருந்தது. பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் ஜாப்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் பெயரை வைத்து நடந்த நெடுங்காலத் தகராறு, பிப்ரவரி கடிதத்துக்கு முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது.

நிக்கோலி எழுந்தார். பீட்டில்ஸ் பற்றி ஒன்றும் இல்லை. ஈஎம்ஐயின் இணைய விற்பனைப் பாட்டு முழுவதும் இனி பூட்டில்லாமல் கிடைக்கும் என்றார். முதல் கடை ஐடியூன்ஸ். ஒலித்தரம் இரண்டு மடங்கு. விலை 1 டாலர் 29 சென்ட். பழைய 99 சென்ட் பூட்டுப் பாட்டும் வேண்டுவோருக்கு உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்கள் பாட்டுக்கு 30 சென்ட் கட்டினால் பூட்டைக் கழற்றிக்கொள்ளலாம்.

இந்த 30 சென்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒலித்தரம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் தரம் போதும், பூட்டை மட்டும் எடுங்கள் என்று கேட்பவருக்கு வழியில்லை. தான் வாங்கிய பொருள் முழுமையாகத் தனக்கே சொந்தமாக, வாங்கியவர் இரண்டாவது முறை பணம் கட்ட வேண்டும்.

அப்படியானால் டிஸ்னி படங்களுக்கு மட்டும் பூட்டு ஏன் என்று ஒருவர் கேட்டார். படங்கள் ஒருபோதும் சிடி மாதிரி பூட்டில்லாமல் விற்கப்பட்டதில்லை, அது வேறு கதை என்று ஜாப்ஸ் நழுவினார். ஆண்டு முடிவதற்குள் ஐடியூன்ஸின் பாதிப் பாட்டுகள் பூட்டில்லாமல் கிடைக்கும் என்றும் நம்பிக்கையோடு சொன்னார்.

மே 30 அன்று விற்பனை தொடங்கியது. மற்ற மூன்று நிறுவனங்களும் பின்னாலேயே ஓடிவரும் என்று ஜாப்ஸ் எதிர்பார்த்தார்.

அவர்கள் வந்தார்கள். அவர் கடைக்கு வரவில்லை.

யுனிவர்சலின் சதுரங்கம்

உலகின் மிகப் பெரிய இசை நிறுவனம் யுனிவர்சல். அப்போது அதன் தலைவர் டக் மோரிஸ். ஐபாட் போன்ற கருவிகள் திருட்டுப் பாட்டைச் சேர்த்து வைக்கும் கிடங்கு என்று சொன்னவர். மைக்ரோசாஃப்டின் சூன் என்ற கருவி 2006 நவம்பரில் வந்தபோது, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்.

அவர் 2007 கோடையில் ஐடியூன்ஸோடு நீண்ட கால ஒப்பந்தம் போட மறுத்தார். பாட்டு விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடுவேன் என்பது அவர் நிலை.

ஆகஸ்டில் அடுத்த காய் நகர்ந்தது. யுனிவர்சல் தன் ஆயிரக்கணக்கான ஆல்பங்களைச் சில மாதங்களுக்குச் சோதனையாகப் பூட்டில்லாமல் விற்கும். வால்மார்ட், ரியல்நெட்வொர்க்ஸ், அமேசான் என்று பட்டியல் நீண்டது. அதில் ஐடியூன்ஸ் பெயர் மட்டும் இல்லை. பூட்டுள்ள கடையையும் பூட்டில்லாத கடையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா, அதற்காகத்தான் ஐடியூன்ஸைத் தொடாமல் வைத்திருக்கிறோம் என்று ஆய்வுக்கூடப் பாஷையில் விளக்கம் தந்தார்கள்.

உண்மைக் காரணம் எல்லாருக்கும் புரிந்தது. பூட்டு இல்லாத எம்பி3 ஐபாடிலும் ஓடும். அப்படியானால் ஐபாட் வைத்திருப்பவர் பாட்டு வாங்க ஐடியூன்ஸுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் தீர்ந்தது. எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆப்பிளின் கருவியை எதிர்க்க முடியவில்லை. ஆப்பிளின் கடையை எதிர்க்கலாம். அதற்கு வேண்டியதெல்லாம் பூட்டைக் கழற்றுவது மட்டுமே.

இத்தனை வருடமாக, வாங்குகிறவர்கள் பூட்டு வேண்டாம் என்று கேட்டபோது காதில் விழவில்லை. தங்களுக்கே பூட்டு இடைஞ்சல் என்றதும் விழுந்தது.

செப்டம்பர் 25 அன்று அமேசான் தன் எம்பி3 கடையைத் திறந்தது. 20 லட்சம் பாட்டுகள், ஒன்றில்கூடப் பூட்டு இல்லை. பெரிய நிறுவனங்களில் ஈஎம்ஐயும் யுனிவர்சலும். விலை பெரும்பாலும் 89 முதல் 99 சென்ட். ஐடியூன்ஸின் பூட்டில்லாத பாட்டைவிட 30, 40 சென்ட் மலிவு.

அடுத்த மாதமே ஆப்பிள் தன் பூட்டில்லாத பாட்டின் விலையை 99 சென்டுக்கு இறக்கியது.

இன்னொரு கடை மலிவாக விற்கத் தொடங்கியதும் ஆப்பிள் விலையை இறக்கியிருந்தது. இசை நிறுவனங்கள் அதைக் குறித்துக்கொண்டன.

வரிசையாகச் சாய்ந்த தலைகள்

நவம்பரில் மக்காவ் நகரில் செல்போன் நிறுவனங்களின் மாநாடு. மேடையில் வார்னரின் பிரான்ஃப்மேன். பூட்டு வேண்டாம் என்பதில் தர்க்கமே இல்லை என்று பிப்ரவரியில் சொன்ன அதே மனிதர். அன்று அவர் சொன்னது: மக்கள் கேட்டதைக் கொடுக்காமல், தெரியாத்தனமாக நாங்கள் எங்கள் வாடிக்கையாளர்களோடே போருக்குப் போய்விட்டோம். வென்றது அவர்கள்தான்.

டிசம்பர் 27 அன்று வார்னரின் பாட்டுகள் பூட்டில்லாமல் அமேசானில் ஏறின.

மிச்சம் சோனி பிஎம்ஜி. கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து பூட்டுப் போட்டவர்கள். 2008 ஜனவரியில் அவர்களும் இறங்கி வந்தார்கள். வந்த விதம்தான் விசித்திரம். பூட்டில்லாத ஆல்பம் வேண்டுமா? கடைக்குப் போய் 12 டாலர் 99 சென்டுக்கு ஓர் அட்டை வாங்குங்கள். அதிலிருக்கும் எண்ணை வீட்டுக்கு வந்து கணினியில் தட்டுங்கள். பாட்டு இறங்கும். இணையத்தில் வாங்கும் பொருளுக்காகப் பேருந்து ஏறி ஒருவர் கடைக்குப் போவார் என்று நம்பியிருக்கிறார்கள்!

அந்த நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஜனவரி 10 அன்று, சோனி பிஎம்ஜியும் அமேசானுக்கு வருகிறது என்ற அறிவிப்பு வெளியானது.

ஜாப்ஸின் கடிதம் வந்து பதினோரு மாதம். நான்கு பெரிய நிறுவனங்களும் பூட்டைக் கைவிட்டுவிட்டன. கடிதத்தில் கேட்டது முழுக்க நிறைவேறிவிட்டது, கேட்டவருக்குத் தவிர.

ஐடியூன்ஸில் பெரிய நிறுவனங்களின் பாட்டில் ஈஎம்ஐ மட்டும்தான் பூட்டில்லாமல் கிடைத்தது. மற்ற மூவரும் அமேசானுக்குக் கொடுத்த அனுமதியை ஆப்பிளுக்குக் கொடுக்கவில்லை. பூட்டு இப்போது திருடனைத் தடுக்கும் கருவி என்று யாரும் நடிக்கக்கூட இல்லை. அது பேரம் பேசும் சரக்கு. ஆப்பிளின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் பூட்டிய பாட்டையே வாங்கிக்கொண்டிருக்க, பக்கத்துக் கடையில் அதே பாட்டு திறந்து கிடந்தது.

மூன்று நிறுவனங்களும் காத்திருந்தன. 2005இல் கேட்டு மறுக்கப்பட்ட ஒன்று அவர்கள் மனத்தில் அப்படியே இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே விலை என்ற அந்த 99 சென்ட். ஜாப்ஸ் அதைத் தன் கடையின் அடித்தளமாக நினைத்தார். அவர்களோ அதைத் தங்கள் கழுத்துச் சுருக்காக நினைத்தார்கள்.

பூட்டை எடுக்கிறோம், விலையை விடுகிறாயா? இந்தப் பேரத்தில் முதலில் கண் சிமிட்டப்போவது யார்? அவர்கள் பேசி முடிக்கும்வரை ஐடியூன்ஸில் பூட்டோடு பாட்டு வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த மக்களின் பாட்டுப் பெட்டியை யார், என்ன விலைக்குத் திறந்துவிடப் போகிறார்கள்?

(தொடரும்)